நிமோடிபின்: மாத்திரை, கேப்சூல், திரவம், சிரைவழி மருந்து. எதை எப்போது நம்பலாம்?

மூளையைச் சுற்றியுள்ள சவ்வுகளுக்கு இடையே ரத்தம் கசிந்த நோயாளிக்கு, வெடித்த அனூரிசத்தை (பலூன்போல் புடைத்த ரத்தக்குழாய்ப் பகுதியை) கிளிப் போட்டோ காயில் எனும் கம்பிச்சுருள் வைத்தோ அடைத்துவிட்டால் கண்டம் தாண்டிவிட்டது என்று வீட்டார் நினைப்பது இயல்பு. அந்த அனூரிசம் மறுபடி வெடிக்கும் ஆபத்து பெரும்பாலும் விலகிவிட்டது, உண்மைதான். ஆனால் சிந்திய ரத்தம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அது சிதையும்போது வெளிப்படும் ஹீமோகுளோபின், ரத்தக்குழாயைத் தளர்த்தி வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை உறிஞ்சிவிடுகிறது. குழாயைச் சுருக்கும் எண்டோதீலின் கூடுகிறது. குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் பாய்ந்து, குழாய் இறுகுகிறது. 3 அல்லது 4ஆம் நாளில் தொடங்கும் இந்த இறுக்கம் 7 முதல் 10ஆம் நாளுக்குள் உச்சத்தைத் தொட்டு, 14ஆம் நாளுக்குப் பின் மெல்ல விலகி, 21ஆம் நாளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆஞ்சியோகிராம் எடுத்தால் சுமார் மூன்றில் இரண்டு பேருக்குக் குழாய் சுருங்கியிருப்பது தெரியும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது கை கால் பலவீனமாகவோ பேச்சுக் குழறலாகவோ மயக்கமாகவோ வெளிப்படும். சிலருக்கு மூளையின் ஒரு பகுதி ரத்தமின்றிச் செத்துப்போகும்.

இந்த இரண்டாவது கண்டத்துக்கு எதிராக வாய்வழியே கொடுக்கும் மருந்துகளில் உறுதியான சான்று உள்ளது நிமோடிபின் ஒன்றுக்குத்தான். பேயர் நிறுவனம் நிமோடாப் என்ற பெயரில் கொண்டுவந்த இந்த மருந்து 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. மாத்திரை, கேப்சூல், திரவம், சிரைவழி மருந்து என நான்கு வடிவங்களில் வருகிறது. எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மூலக்கூறுதான். ஆனால் அது நோயாளியின் ரத்தத்துக்குள் உரிய நேரத்தில், முழு அளவில் போய்ச் சேர்கிறதா என்பது வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது. இந்த மருந்தைக் குறைசொல்ல நேரும் இடங்களில் பெரும்பாலும் பிழை மருந்தில் இருப்பதில்லை, கொடுக்கும் முறையில்தான் இருக்கிறது.

முதலில் அது என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1983இல் வெளியான முதல் முக்கிய ஆய்வில், போலி மருந்து எடுத்த 60 பேரில் 8 பேருக்குக் குழாய் இறுக்கத்தால் கடும் நரம்பு பாதிப்பு வந்தது. நிமோடிபின் எடுத்த 56 பேரில் ஒருவருக்குத்தான் வந்தது. 1989இல் பிரிட்டனில் 554 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் மூளைத் திசு இறப்பு 33 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைந்தது. மரணம் அல்லது கடும் ஊனத்தில் முடிந்தவர்கள் 33 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தார்கள். பக்கவாத சிகிச்சையில் ஒரு மாத்திரை இவ்வளவு பலன் தருவது அரிது.

வியப்பு என்னவென்றால், ஆஞ்சியோகிராமில் குழாயின் விட்டம் பெரிதாக மாறுவதில்லை. பெரிய குழாய்களை விரிப்பதால் வரும் பலன் இது இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் ஓட்டத்தைக் காப்பது, நரம்புச் செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாகப் பாயாமல் தடுப்பது, நுண்ணிய ரத்தக் கட்டிகள் கரைய உதவுவது, மூளை மேற்பரப்பில் பரவும் மின் அலைகளின் சேதத்தைக் குறைப்பது ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் சோதனையில் அந்த வேகம் குறையவில்லை என்பதை வைத்து 'மருந்து வேலை செய்யவில்லை, நிறுத்திவிடலாம்' என்று முடிவுக்கு வரக்கூடாது. நடு மூளைத் தமனியில் சராசரி வேகம் விநாடிக்கு 120 செ.மீ. தாண்டினால் இறுக்கம் இருக்கலாம், 200 தாண்டினால் கடுமை என்று கொள்வார்கள். இந்த எண்கள் கண்காணிப்புக்கு உரியவை, நிமோடிபினுக்கு மதிப்பெண் போடுவதற்கு உரியவை அல்ல.

வழக்கமான அளவு பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றே: 60 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். கசிவு ஏற்பட்ட 96 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். 30 மி.கி. மாத்திரையாகக் கணக்கிட்டால் வேளைக்கு 2, நாளுக்கு 12, முழுச் சிகிச்சைக்கு 252. இந்த எண்ணிக்கையை முதல் நாளே மருந்தகத்தில் சொல்லிவைப்பது நல்லது. 9ஆம் நாள் இரவில் இருப்பு தீர்ந்துபோவது மிக மோசமான நேரத்தில் வரும் தட்டுப்பாடு.

நான்கு மணி நேர இடைவெளியில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? வாய்வழி எடுக்கும் நிமோடிபினில் சுமார் 13 சதவீதம்தான் கல்லீரலைத் தாண்டி ரத்தத்துக்கு வருகிறது. ஒரு மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, அடுத்த ஒன்று இரண்டு மணி நேரங்களில் பாதியாக இறங்கிவிடும். நள்ளிரவு வேளையையும் அதிகாலை வேளையையும் 'தூங்கட்டும்' என்று விட்டுவிட்டால் எட்டு, பன்னிரண்டு மணி நேரம் மூளை பாதுகாப்பின்றிக் கிடக்கும். எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் பின்போ கொடுப்பது உறிஞ்சுதலுக்கு நல்லது.

நன்றாக விழுங்கத் தெரிந்த, விழிப்பாக இருக்கும் நோயாளிக்கு மாத்திரையோ கேப்சூலோ போதும். சிக்கனமானது, எளியது, சான்றுகள் குவிந்திருப்பதும் இந்த வழியில்தான். இங்கே வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

சிக்கல் மூக்குக்குழாய் வழியே உணவு போகும் நோயாளியிடம் தொடங்குகிறது. கடுமையான கசிவு வந்தவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருப்பார்கள். இறுக்கம் வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களும் அவர்களே. மாத்திரையை இடித்துக் கரைத்து ஊற்றும்போது மூன்று இடங்களில் மருந்து தொலைகிறது. உரலின் சுவரிலும் சிரிஞ்சிலும் ஒட்டிக்கொண்டது ஒரு பங்கு. நிமோடிபின் நீரில் எளிதில் கரையாது, எனவே குழாயின் வளைவுகளில் படிவது இன்னொரு பங்கு. ஒளி பட்டால் சிதையும் பொருள் என்பதால் முன்கூட்டியே இடித்து மேசையில் வைத்தால் அதிலும் இழப்பு. இடித்த மாத்திரை பெறும் கடும் நோயாளிகளிடம் ரத்தத்தில் மருந்தின் அளவு குறைவாக இருப்பது அளந்து பார்த்தும் தெரிய வந்திருக்கிறது. வேறு வழியில்லாமல் இடித்துத்தான் கொடுக்க வேண்டுமென்றால், கொடுக்கும் நேரத்தில் இடித்து, உடனே கலந்து, உரலையும் சிரிஞ்சையும் மீண்டும் நீர்விட்டு அலசி அந்த நீரையும் குழாயில் செலுத்த வேண்டும்.

கேப்சூலின் உள்ளே மருந்து திரவமாகவே இருக்கிறது. அதை உறிஞ்சிக் குழாயில் விடுவது நடைமுறை. 18 கேஜ் ஊசியால் கேப்சூலின் இரு முனைகளிலும் துளையிட்டு, உள்ளிருப்பதைச் சிரிஞ்சில் இழுத்து, மூக்குக்குழாயில் விட்டு, பின்னாலேயே 30 மி.லி. நார்மல் சலைன் (உப்புநீர்) செலுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் துளையிட்டால் காற்று உள்ளே போக வழியில்லாமல் திரவம் பாதியிலேயே நின்றுவிடும். துளையிடும் நேரத்தில் கேப்சூலைப் பிதுக்கினால் மருந்து விரலோடு போய்விடும். உள்சுவரில் கொஞ்சம் எப்போதும் தங்கும். ஒரு நாளைக்கு 12 கேப்சூலை இப்படிக் குத்தி இழுக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒவ்வொரு வேளையிலும் அளவு ஒரேமாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அளவு குறைவதைக் காட்டிலும் பயங்கரமான ஆபத்து ஒன்று இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. சாதாரண ஊசி சிரிஞ்சில் இழுத்து வைத்த அந்த மஞ்சள் திரவம், கைதவறி சிரைக் குழாயில் ஏற்றப்படுவது. ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் நின்று, உயிரிழந்தவர்கள் உண்டு. இதனால்தான் 2006இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டமிட்ட எச்சரிக்கையை மருந்தின் தாளில் சேர்க்க வைத்தது. 2010இல் மறுபடியும் நினைவூட்டியது. தீர்வு எளிது. சிரைக் குழாயின் முனையில் பொருந்தவே பொருந்தாத வாய்வழி சிரிஞ்சில்தான் இழுக்க வேண்டும். அதன் மேல் 'சிரைவழி செலுத்தாதே' என்ற ஒட்டுத்தாள் வேண்டும். படுக்கையருகே செவிலியர் இழுப்பதைவிட மருந்தகத்தில் இருவர் சரிபார்த்து, ஒளிபுகா பழுப்பு நிற வாய்வழி சிரிஞ்சில் நிரப்பி அனுப்புவது மேல். இந்த ஏற்பாடு இல்லாத வார்டில், கேப்சூல் வழியைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

தயாராக வரும் வாய்வழித் திரவம் இந்தத் தொல்லைகளைத் தீர்க்கவே உருவானது. நிமலைஸ் என்ற பெயரில் 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குத்த வேண்டாம், இடிக்க வேண்டாம். அளந்து, மூக்குக்குழாயில் செலுத்தி, சிரிஞ்சில் சலைன் நிரப்பிக் குழாயை அலசினால் முடிந்தது. மூக்குக்குழாய் நோயாளிக்கு இது கிடைக்குமென்றால் முதல் தேர்வு இதுவே. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். முதலில் வந்த திரவத்தில் 20 மி.லி.யில் 60 மி.கி. இருந்தது. பிறகு வந்ததில் 10 மி.லி.யிலேயே 60 மி.கி. இருக்கிறது. மி.லி. கணக்கில் மட்டும் சீட்டு எழுதினால் பாதியோ இரட்டிப்போ போய்விடும். மி.கி. கணக்கையும் பாட்டிலின் செறிவையும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டாவது, இத்திரவம் எடுப்பவர்களிடம் வயிற்றுப்போக்கு கூடுதலாகக் காணப்படுகிறது. போக்கால் நீரும் சோடியமும் குறைவது, இந்த நோயில் தனியாகவே ஒரு ஆபத்து. குளிர்பதனப் பெட்டியில் வைக்கக்கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

சிரைவழி மருந்து எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. கிடைக்கும் இடங்களில் வாந்தி எடுப்பவர்களுக்கும் குடல் இயங்காதவர்களுக்கும் கைகொடுக்கிறது. ஆனால் நான்கு வடிவங்களில் அதிகம் வேலை வாங்குவது இதுதான். 50 மி.லி. பாட்டிலில் 10 மி.கி. இருக்கும். முதல் 2 மணி நேரம் மணிக்கு 5 மி.லி., அதாவது 1 மி.கி. ரத்த அழுத்தம் தாக்குப்பிடித்தால் பிறகு மணிக்கு 10 மி.லி. எடை 70 கிலோவுக்குக் குறைவாகவோ அழுத்தம் ஆட்டங்காணும் நிலையிலோ இருந்தால் 2.5 மி.லி.யில் தொடங்குவது முறை. முழு வேகத்தில் ஒரு பாட்டில் 5 மணி நேரம்தான் வரும். பாட்டில் தீர்ந்த பின் அடுத்ததைத் தேடினால் இடைவெளி விழும்.

அதைத் தனியாகவும் ஏற்றக்கூடாது, சலைன் பையில் கலந்தும் ஏற்றக்கூடாது. பம்பில் வைத்து, சென்ட்ரல் லைனில் (பெரிய சிரைக்குள் வைக்கும் குழாயில்) த்ரீ-வே என்ற மும்முனை இணைப்பு வழியாக, உடன் ஓடும் திரவத்தோடு சேர்க்க வேண்டும். மருந்து ஒரு பங்கு என்றால் உடன் ஓடுவது நான்கு பங்கு: மணிக்கு 10 மி.லி. மருந்துக்கு 40 மி.லி. நார்மல் சலைன், ரிங்கர் லாக்டேட் போன்ற ஒன்று. கணக்குப் போட்டால் நாளுக்கு 240 மி.லி. மருந்தும் 960 மி.லி. திரவமும், மொத்தம் 1,200 மி.லி. நீர்க் கணக்கில் இதை விட்டுவிட்டால் அன்றைய வரவு செலவே தப்பு. கையில் உள்ள சிறு சிரையில் ஓடவிட்டால் சிரை வீங்கிச் சிவக்கும்.

குழாய்ப் பொருளும் முக்கியம். நிமோடிபின் பி.வி.சி. பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். வழக்கமான சொட்டுக் குழாயில் ஓடவிட்டால் பம்பில் 10 மி.லி. என்று காட்டும், நோயாளிக்குப் போவது குறைவாக இருக்கும். பாலிஎத்திலீன் குழாயும் பாலிபுரொப்பிலீன் சிரிஞ்சுமே பயன்படுத்த வேண்டும். நேரடி வெயில் படக்கூடாது. அறை விளக்கொளியிலும் மங்கலான பகலொளியிலும் 10 மணி நேரம் வரை தாங்கும். இந்தக் கரைசலில் ஆல்கஹால் கணிசமாக உண்டு. முழு வேகத்தில் ஒரு நாளுக்கு 40 கிராமுக்கு மேல் எத்தனால் உள்ளே போகிறது. கல்லீரல் பாதித்தவர்களிடமும், ஆல்கஹாலோடு சேர்ந்தால் கோளாறு செய்யக்கூடிய மருந்து எடுப்பவர்களிடமும் இதை மனதில் வைக்க வேண்டும். பலனிலும் வாய்வழி மருந்துக்கு இருக்கும் அளவுக்குச் சான்று இதற்கு இல்லை. எனவே விழுங்கவோ குழாய்வழி எடுக்கவோ முடிந்தவுடன் வாய்வழிக்கு மாற்றிவிடுவதே சரி. இரண்டையும் சேர்த்து 21 நாள் என்பதுதான் கணக்கு. ஒரே நேரத்தில் இரண்டும் கூடாது.

இந்த மருந்தின் உண்மையான குறை, ரத்த அழுத்தத்தை இறக்குவது. மூளைக்கு ரத்தம் போதாமல் போகக்கூடிய நாட்களிலேயே அழுத்தமும் இறங்கினால், காக்க வந்த மருந்தே கேடாகிவிடும் என்ற பயம் மருத்துவர்களுக்கு வருவது நியாயம். ஆனால் பல இடங்களில் முதல் சரிவிலேயே அளவைப் பாதியாக்குவார்கள், அல்லது வேளையைத் தள்ளிப்போடுவார்கள். இதை ஏற்க முடியவில்லை. முதலில் பார்க்க வேண்டியது உடலில் நீர் போதுமா என்பது. அடுத்து, முன்பு எடுத்துவந்த அழுத்த மாத்திரைகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றனவா, மயக்க மருந்து அதிகமா என்று பார்க்க வேண்டும். அவற்றைச் சரிசெய்தும் ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அழுத்தம் சரிந்தால், 60 மி.கி.யை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதை 30 மி.கி. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பிரிக்கலாம். நாள் மொத்தம் அதே 360 மி.கி., ஆனால் ஒவ்வொரு சரிவும் ஆழம் குறைந்ததாக இருக்கும். அதற்கும் அடங்காவிட்டால் நாரட்ரினலின் போன்ற மருந்தால் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தொடரலாம். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் இவை எல்லாவற்றுக்கும் பிறகு. 2023இல் வந்த அமெரிக்க வழிகாட்டு நெறியும் மருந்து தடைபடாமல் முழுமையாகப் போய்ச் சேர்வதை வலியுறுத்துகிறது.

கல்லீரல் சிரோசிஸ் உள்ளவர்கள் விதிவிலக்கு. அவர்களுக்கு 30 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றே தொடங்க வேண்டும். கல்லீரலில் சிதைக்கப்படாமல் மருந்து தேங்குவதுதான் காரணம்.

உடன் போகும் மருந்துகளைப் பார்க்காமல் சீட்டு எழுதக்கூடாது. பினிட்டாயின், கார்பமசெபின், பினோபார்பிட்டல், ரிஃபாம்பிசின் ஆகியவை நிமோடிபினைக் கல்லீரலில் வேகமாக அழித்துவிடும். வலிப்பு வராமலிருக்க பினிட்டாயின் போட்டுக்கொண்டே இறுக்கத்துக்கு நிமோடிபினை நம்புவது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுதான். வலிப்பு மருந்து தேவையென்றால் லெவெடிரசெட்டாம் போன்றதைக் கேட்கலாம். எதிர்ப்பக்கத்தில் கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல், ரிட்டோனாவிர் ஆகியவை அளவை ஏற்றி அழுத்தத்தைக் கவிழ்க்கும், சேர்க்கவே கூடாது. வால்புரோயேட்டும் அளவை ஓரளவு ஏற்றும். கிரேப்ஃப்ரூட் சாறும் வேண்டாம், அதன் தாக்கம் ஒரு நாளில் போய்விடாது.

போட்டிக்கு வந்த மற்றவற்றில் பெரும்பாலானவை தேறவில்லை. மெக்னீசியம் 2012இல் 1,200 பேருக்கு மேல் சேர்த்த ஆய்வில் பலன் தரவில்லை. கொழுப்பைக் குறைக்கும் மருந்தான சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி. 2014இல் 803 பேர் ஆய்வில் அதே கதி. எண்டோதீலினைத் தடுக்கும் கிளாசோசென்டான் குழாய் இறுக்கத்தைக் கண்கூடாகக் குறைக்கிறது, ஆனால் பெரிய பன்னாட்டு ஆய்வுகளில் நோயாளியின் இறுதி நிலையை மேம்படுத்திக் காட்ட முடியவில்லை. நுரையீரலில் நீர் கோப்பதும் அழுத்தம் குறைவதும் அதன் விலை. ஜப்பானில் 2022இல் அனுமதி பெற்றுப் பயன்படுகிறது. அங்கே 1995 முதல் ரத்தக்குழாயைத் தளர்த்தும் ஃபாசுடிலும் புழக்கத்தில் இருக்கிறது. இறுக்கம் வருவதற்கு முன்பே அழுத்தத்தை ஏற்றி, திரவத்தைக் கொட்டி, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் பழைய மும்முனை முறையை இப்போது தடுப்புக்காகச் செய்வதில்லை. அதனால் தீங்குதான் வருகிறது. உடலில் நீர் குறையாமலும் கூடாமலும் வைத்திருப்பதே இலக்கு. சோடியம் இறங்கினால் நீரைக் கட்டுப்படுத்துவது இங்கே தவறான வைத்தியம்.

நிமோடிபினோடு சேர்த்துப் பார்க்கத்தக்க புதிய துணை, முதுகுத்தண்டு வழியே ரத்தம் கலந்த நீரை வடிக்கும் லம்பார் டிரெயின். அனூரிசத்தை அடைத்த பின் மணிக்கு 5 மி.லி. என்ற கணக்கில் வடித்த 287 பேர் ஆய்வு 2023இல் வெளியானது. மோசமான முடிவு 44.8 சதவீதத்திலிருந்து 32.6 சதவீதமாகக் குறைந்தது. மருந்து சுருக்கத்தின் விளைவைத் தாங்க உதவுகிறது, வடிப்பு அதன் மூலப் பொருளையே வெளியேற்றுகிறது. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று இல்லை.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் இறுக்கம் வரலாம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சொல்லைத் தேடுவது, ஒரு கை மட்டும் தளர்வது, காரணமின்றி உறக்கத்தில் ஆழ்வது, குழம்பிப் பேசுவது ஆகியவற்றைக் கண்டால் அடுத்த வேளை மருந்துக்குக் காத்திருக்கக்கூடாது. உடனே சொன்னால் அழுத்தத்தை உயர்த்திப் பார்ப்பது, ஆஞ்சியோ அறையில் குழாய்க்குள்ளேயே மருந்து செலுத்துவது, பலூனால் விரிப்பது என வழிகள் உண்டு. முதலில் கவனிப்பவர்கள் பெரும்பாலும் வீட்டார்தான், நோயாளியின் இயல்பு அவர்களுக்குத்தான் தெரியும்.

21 நாள் முடியுமுன் வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள், கிளம்பும் நேரத்தில் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: நிறுத்த வேண்டிய தேதி, மீதி வேளைகளுக்கான முழு மாத்திரை, எந்த அழுத்த அளவுக்குக் கீழே போனால் அழைக்க வேண்டும் என்ற எண். எல்லா மருந்துக் கடையிலும் இது இருப்பு இருக்காது, சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். ஆறு வேளைக்கும் அலாரம் வையுங்கள், இரவு வேளைகள் உட்பட. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரண்டு மடங்காகக் கொடுக்க வேண்டாம், அழுத்தம் விழும். வழக்கமான அளவையே அடுத்த நேரத்தில் தொடர்ந்து, தவறிய விவரத்தை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். மாத்திரை எடுத்த ஒரு மணி நேரத்துக்கு நோயாளியைத் தனியாக எழுந்து நடக்க விடாதீர்கள்.